குலுங்கும்போது மங்கும், நின்றால் தெளியும்: வீட்டு வானின் ஏர்த் பிழையைப் பிடிப்பது எப்படி?

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய உயர்கூரை ஹையேஸ் வான் ஒன்றை வாங்கி, பின் ஆசனங்களைக் கழற்றி, கட்டில், சிறிய குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்பி, விளக்குகள், பற்றரியின் 12 வோல்ற்றை 230 வோல்ற்றாக மாற்றும் 1000 வாற் இன்வேர்ட்டர், தனியாக ஒரு பற்றரி எல்லாம் பொருத்தி வீட்டு வானாக மாற்றியிருக்கிறார். கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் உகந்தை வரைக்கும் அம்மாவை அழைத்துப் போவதற்காகவே இந்த வேலை. அம்மாவால் நடக்க இயலாது. அவருடைய இன்சுலினும் குளிரில் இருக்கவேண்டும்.

அவர் சொல்லும் குறை இது. மட்டக்களப்பு நோக்கி நல்ல வீதியில் ஓடினால் ஒன்றுமில்லை. பொத்துவிலைத் தாண்டிப் பாணமைப் பக்கம் போய், உகந்தை வழியில் வான் குலுங்கத் தொடங்கினால் விளக்குகள் மங்குகின்றன, குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடுகிறது, பம்பி முனகுகிறது. நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் எல்லாம் வேலை செய்கின்றன. கராஜில் பற்றரியை மாற்றினார்கள். குறை அப்படியே இருக்கிறது. உறவினர் வீட்டில் 230 வோல்ற் மின்சாரம் கொடுத்தால் ட்ரிப் சுவிட்ச் சில நாட்களில் விழுகிறது, சில நாட்களில் விழுவதில்லை. ஒருமுறை ஈரக்காலோடு நின்று வானின் கதவைப் பிடித்தபோது கை விறுவிறுத்தது.

தம்பி, நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில் இருந்துதான் நான் தொடங்கவேண்டும். கை விறுவிறுத்த அன்று உங்கள் வானின் உடம்பில் மின்சாரம் இருந்தது. வான் நிற்பது ரப்பர் டயர்களின் மேல். அதன் உடம்பில் ஏறிய மின்சாரம் நிலத்துக்கு இறங்க வழியில்லை. ஈர மணலில் வெறுங்காலோடு நிற்கும் ஆள் கதவைத் தொட்டால் அவர்தான் அந்த வழி. இந்தப் பதிலை முழுவதும் வாசித்து, வேலையைச் செய்து முடிக்கும் வரைக்கும் வானுக்கு வீட்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். இன்வேர்ட்டரையும் நிறுத்தி வையுங்கள். அம்மாவின் மருந்தை ஒரு நல்ல ஐஸ் பெட்டியில் வைத்துச் சமாளியுங்கள். ஆனால் மருந்து ஐஸ்கட்டியின் மேலேயே படக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

இனி 12 வோல்ற் பக்கம். வாகனத்தில் பற்றரியின் பொசிட்டிவ் முனையில் இருந்து வயர் வழியாகப் போகும் மின்னோட்டம், விளக்கையோ பம்பியையோ இயக்கிவிட்டு, வானின் இரும்பு உடம்பு வழியாக நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதையைத்தான் வாகனத்தில் ஏர்த் என்கிறோம். அது பொசிட்டிவ் வயரைப்போல உறை போட்டுப் பாதுகாக்கப்பட்டது அல்ல. ஒரு போல்ட், வயரின் முனையில் அழுத்தியிருக்கும் லக் என்ற உலோக வளையம், இடையில் கொஞ்சம் பெயின்ற், கொஞ்சம் துரு என்று அது வெளியே திறந்து கிடக்கிறது. அதனால்தான் நம் கரையோரத்தில் வாகன மின்பிழைகளைத் தேடிப் போனால் பெரும்பாலும் ஏர்த்தில் போய் முடிகிறது. கல்லடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் ஏ4 வீதி பல இடங்களில் கடலுக்கு மிக அருகில் ஓடுகிறது. காற்றில் வரும் உப்பு போல்ட்டின் மேல் படிகிறது. உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. இரவுப் பனியில் நனைகிறது, பகல் வெயிலில் காய்கிறது. ஒரே இணைப்பு காலையில் ஒரு மாதிரியும் மதியத்தில் வேறு மாதிரியும் நடந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்றரியை மாற்றியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மங்கிய விளக்கைப் பார்த்தால் எவருக்கும் முதலில் அந்த எண்ணம்தான் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, பம்பி, விளக்குகள் எல்லாம் சேர்ந்து 10 அம்பியர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பாதையில் உள்ள ஒரு போல்ட்டில் 0.2 ஓம் தடை ஏற்பட்டால் அந்த ஒரு இடத்திலேயே 2 வோல்ற் தொலைந்துவிடும். பற்றரியில் 12.4 இருந்தாலும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கிடைப்பது 10.4 தான். கம்பிரசர் உள்ள 12 வோல்ற் பெட்டிகள் பலவற்றில், பற்றரியைக் காப்பாற்றுவதற்காகத் தானாக நின்றுவிடும் அளவு ஏறக்குறைய இதுவே. மீண்டும் தொடங்குவதற்கு 11.7 அளவில் வேண்டும். பெட்டி நின்றதும் மின்னோட்டம் குறைகிறது, போல்ட்டில் இழப்பு குறைகிறது, அளவு தானாக மேலே வருகிறது. சூடான இணைப்பும் ஆறிச் சுருங்கி வேறு இடத்தில் தொடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் சுகமானதுபோலத் தோன்றுவது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஓடும்போது எஞ்சினின் ஒல்டர்நேட்டர், நீங்கள் தனியாகப் பொருத்திய வீட்டுப் பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கிறது. அந்த மின்னோட்டமும் அதே போல்ட் வழியாகத்தான் சுற்றை முடிக்கவேண்டும். போல்ட் கெட்டால் சார்ஜும் ஒழுங்காக ஏறாது. புதிய பற்றரியும் சில வாரங்களில் பழையதைப்போலத் தளர்ந்து நிற்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயண வான் இதே குறையோடு என்னிடம் வந்தது. மல்ட்டிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொரு ஏர்த் வயரையும் சோதித்தேன். எல்லாம் 0.3 ஓம் காட்டின. மீற்றரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3 தான். அதனால் எல்லா வயரும் நல்லது என்று முடிவு செய்து, முனைகளைத் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வாரத்தில் வான் திரும்பி வந்தது. இந்த முறை லக்கில் அழுத்தப்பட்டிருந்த வயரை இழுத்துப் பார்த்தேன். உள்ளே பெரும்பாலான செப்பு இழைகள் அறுந்து, நாலைந்து இழைகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. ஓம் அளவில் மீற்றர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது தாராளமாக ஓடிவிடும். நாம் தேடும் தடையோ 0.01 முதல் 0.2 ஓம் வரை. மீற்றரின் கம்பிகளுக்கே அதைவிடக் கூடுதல் தடை இருக்கிறது. ஏர்த் பிழையை ஓய்வில் வைத்துத் தேடினால் அகப்படாது. சுமை ஏற்றி, அதாவது சாதனங்களை ஓடவிட்டு, வோல்ற்றில் அளக்கவேண்டும். உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். மற்றவை எல்லாம் இதைச் செய்யும் முறைகள்.

முறை எளிது. 12 வோல்ற்றில் ஓடும் எல்லாவற்றையும் போடுங்கள்: விளக்குகள், பம்பி, குளிர்சாதனப் பெட்டி. மல்ட்டிமீற்றரை டி.சி. வோல்ற் அளவில் வையுங்கள். கறுப்புக் கம்பியைப் பற்றரியின் நெகட்டிவ் ஈயத் தலையிலேயே வையுங்கள். அதன் மேல் இறுக்கியிருக்கும் கிளிப்பில் வைக்கவேண்டாம், ஏனென்றால் அந்தக் கிளிப்பும் சந்தேகத்துக்கு உரியது. சிவப்புக் கம்பியைக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகும் நெகட்டிவ் வயரின் முனையில் வையுங்கள். ஒழுங்கான பாதையானால் 0.1 வோல்ற்றுக்குள் இருக்கும். இன்வேர்ட்டர்போலப் பெரிய சுமைக்கு 0.2 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் காட்டினால் அந்த வோல்ற் வழியில் எங்கோ தொலைகிறது. எங்கே என்று பார்க்க, சிவப்புக் கம்பியை மட்டும் பற்றரியை நோக்கிப் படிப்படியாக நகர்த்துங்கள். வயர் முனை, அடுத்த இணைப்பு, சேஸிஸின் இரும்பு, போல்ட்டின் தலை, லக், வயர், பற்றரி கிளிப். பற்றரியை நெருங்க நெருங்க அளவு சிறிது சிறிதாகக் குறைவது இயல்பு. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் அது சட்டென்று விழுகிறதோ, பிழை அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரும்பில் 0.9, அதன் மேலேயே இறுக்கியிருக்கும் லக்கில் 0.1 என்றால் அந்த இடைவெளியில் பெயின்றோ துருவோ உட்கார்ந்திருக்கிறது.

பொசிட்டிவ் பக்கத்தையும் இதேபோல ஒருமுறை அளந்துவிடுங்கள். பியூஸ் பிடியும் பற்றரி சுவிட்சும் இதே மாதிரி ஏமாற்றக்கூடியவை.

நின்ற இடத்தில் அளந்தால் எல்லாம் நன்றாகவே காட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். அகப்படாத பிழையை வரவழைக்கவேண்டும். ஒருவர் வானின் பக்கவாட்டில் கைவைத்து ஆட்டட்டும். நீங்கள் மீற்றரைப் பார்த்தபடி ஒவ்வொரு நெகட்டிவ் வயரையும் மெல்ல இழுத்து அசையுங்கள். ஒரு மரத்துண்டால் இணைப்புகளுக்கு அருகில் தட்டுங்கள். எண் துள்ளினால் அந்த இடத்தில் நில்லுங்கள். அப்படியும் வராவிட்டால் நீளமான இரண்டு மெல்லிய வயர்களை எடுத்து, ஒன்றைப் பற்றரியின் நெகட்டிவ் தலையிலும் மற்றதைக் குளிர்சாதனப் பெட்டியின் நெகட்டிவ் முனையிலும் கட்டி, மறுமுனைகளை மீற்றரில் மாட்டி, முன் ஆசனத்தில் இருப்பவரின் கையில் கொடுங்கள். உச்ச அளவைப் பதிந்துவைக்கும் வசதி மீற்றரில் இருந்தால் இன்னும் நல்லது. பாணமைப் பக்கம் ஒரு ஓட்டம் போய் வாருங்கள். வண்டி ஓட்டுபவர் மீற்றரைப் பார்க்கக்கூடாது.

இதைவிடவும் எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. வாகனங்களுக்கு ஜம்ப் கொடுக்கும் தடித்த கேபிள் உங்களிடம் இருக்கும். அதில் கறுப்பு ஒன்றை மட்டும் எடுத்து, பற்றரியின் நெகட்டிவ் தலைக்கும் உங்கள் சாதனங்களின் நெகட்டிவ் வயர்கள் சேரும் இடத்துக்கும் இடையில் தற்காலிகமாகப் பூட்டுங்கள். அது அசையாதபடி கட்டிவிட்டு அதே கரடுமுரடான வீதியில் ஓட்டுங்கள். குறை வரவில்லையானால் ஏர்த்தான் குற்றவாளி என்பது உறுதி. குறை அப்போதும் வந்தால் ஏர்த்தை விட்டுவிட்டுப் பொசிட்டிவ் பக்கம் தேடுங்கள். ஒரு ரூபாயும் செலவில்லாமல் பாதி வானைச் சந்தேகத்தில் இருந்து விலக்கிவிடலாம்.

எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள பின்னல் கேபிளையும் மறக்காதீர்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால் பல வாகனங்களில் அந்தக் கேபிள்தான் அதன் முக்கிய ஏர்த். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் பெரிய மின்னோட்டம் கியர் கேபிள், சிறிய ஏர்த் வயர்கள் என்று கிடைத்த வழியெல்லாம் புகுந்து அவற்றைச் சுட்டுவிடும். கறுப்புக் கம்பியை எஞ்சின் பற்றரியின் நெகட்டிவ் தலையிலும், சிவப்பை எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ற்றைத் தாண்டினால் அந்தக் கேபிளை மாற்றவேண்டும்.

இப்போது உங்கள் வானைப் பற்றிய என் சந்தேகத்தைச் சொல்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்வதால் இதைச் சந்தேகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ற் குறையும், ட்ரிப் விழுவதும், கை விறுவிறுத்ததும் மூன்று தனித்தனிப் பிழைகளாக இருக்கலாம். ஆனால் வீட்டு வான் வயரிங்கில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு பழக்கம் மூன்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஆசனத்தின் அடியில் ஒரு போல்ட். அதில் வீட்டுப் பற்றரியின் நெகட்டிவ் லக். அதன் மேல் இன்வேர்ட்டரின் ஏர்த். அதன் மேல், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகவேண்டிய 230 வோல்ற் ஏர்த்தின் பச்சை மஞ்சள் வயர்கள், வெளியில் இருந்து வருவதும் கேத்தலின் பிளக்குக்குப் போவதும். லக்குகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி, அடியில் கம்பனிப் பெயின்ற் சுரண்டப்படாமல் இருக்கும். நட்டு கொஞ்சம் தளர்ந்தால் போதும்.

அப்படிப்பட்ட போல்ட்டை வைத்து உங்கள் ட்ரிப் சுவிட்சை யோசியுங்கள். உயிர்க் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 30 மில்லி அம்பியருக்குள்ளேயே விழவேண்டும். கேத்தலோ தண்ணீர் சூடாக்கியோ மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போல்ட் நன்றாகத் தொடும் நாளில் கசிவு ஏர்த் வயர் வழியாக வெளியேறுகிறது, சுவிட்ச் விழுகிறது. போல்ட் தளர்ந்த நாளில் கசிவுக்கு வெளியேற வழியில்லை, சுவிட்ச் விழுவதில்லை. கசிவு வானின் உடம்பில் ஏறி, யாராவது வந்து தொடுவதற்காகக் காத்திருக்கிறது. நீங்கள் நல்ல நாள் என்று நினைத்த, ட்ரிப் விழாத நாள்தான் ஆபத்தான நாள்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. உறவினர் வீட்டில் இருந்து இழுக்கும் நீட்டிப்பு வயரில் ஏர்த் இல்லாமல் இருக்கலாம், அல்லது இரண்டு முள் பிளக் ஒன்று இடையில் மாட்டப்பட்டிருக்கலாம். சார்ஜர்களுக்குள் இருக்கும் வடிகட்டிக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) உயிர்க் கம்பிக்கும் ஏர்த்துக்கும் இடையில் மிகச் சிறிய மின்னோட்டத்தை விடுகின்றன. வெளியே ஏர்த் இல்லாவிட்டால் வானின் உடம்பு ஏறத்தாழ 115 வோல்ற்றில் மிதக்கும். அந்த மின்னோட்டம் சிறியது, விறுவிறுக்க மட்டும் செய்யும். ஆனால் அதே நிலையில் ஒரு உண்மையான கசிவும் சேர்ந்தால் உயிர் போகும். விறுவிறுப்பை உணர்ந்தவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே நீட்டிப்பு வயர் மூன்று கம்பி உள்ளதா, உறவினர் வீட்டுச் சொக்கெற்றில் ஏர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்காமல் செருகக்கூடாது.

எது கசிகிறது என்பதை அறிய எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பொருத்துவதுதான் பழைய, நல்ல வழி. மாரி காலத்தில் மட்டும் ட்ரிப் விழுந்தால் முதலில் சூடாக்கும் கம்பிச்சுருள் உள்ள சாதனங்களைப் பாருங்கள். அந்தச் சுருளைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சும். பல நாள் சும்மா கிடந்தால் கசியும், சூடாகி உலர்ந்தால் அடங்கும். இன்னொரு சந்தேகம் இன்வேர்ட்டர். சிலவற்றில் நியூட்ரலும் ஏர்த்தும் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். வெளி மின்சாரம் வரும்போது அந்த இணைப்பு விலகவேண்டும். விலகாவிட்டால் நியூட்ரலின் ஒரு பங்கு ஏர்த் வழியாகத் திரும்பி, வீட்டின் ட்ரிப் சுவிட்சை விழுத்தும். இந்த 230 வோல்ற் வேலைகளை நீங்களே செய்யவேண்டாம். மின்காப்பின் தடையை அளக்கும் மெகர் கருவி வைத்திருக்கும் அனுமதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரை அழையுங்கள். 500 வோல்ற்றில் சோதித்து, தடை 1 மெகா ஓமுக்குக் கீழே வரும் சாதனத்தை வானில் இருந்து இறக்கிவிடச் சொல்லுங்கள். சோதிக்கும் முன் இன்வேர்ட்டரையும் சார்ஜர்களையும் கழற்றவேண்டும் என்பது அவருக்குத் தெரியும், ஆனாலும் நினைவூட்டுங்கள்.

12 வோல்ற் பக்கத்துப் பழுதை நீங்களே செய்யலாம். கை மோதிரம், காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். வெளி மின்சாரப் பிளக் கழன்றிருக்கவேண்டும். பற்றரியில் முதலில் நெகட்டிவைக் கழற்றி, கடைசியில் நெகட்டிவைப் பூட்டுங்கள். பொசிட்டிவ் நட்டைத் திருப்பும் ஸ்பனர் வானின் இரும்பில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது.

போல்ட்டைக் கழற்றியதும் நிறத்தைப் பாருங்கள். செப்பில் பச்சைப் பூப்பும், அலுமினியத்தில் வெள்ளைத் தூளும், இரும்பில் செந்துருவும் தெரியும். லக்கை ஒட்டி வயரின் உறையை 3 சென்ரிமீற்றர் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் உப்புநீர் உறைக்குள்ளே ஏறிவிட்டது. செம்பு பளபளக்கும் இடம் வரைக்கும் வெட்டி எறியுங்கள். குறுகிப் போனால் புதிய வயர் போடுங்கள், ஒட்டுப்போடவேண்டாம். போல்ட்டைச் சுற்றி, லக்கைவிட அகலமாக, வெள்ளை இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வெள்ளீயம் பூசிய செப்பு லக்கை அதற்குரிய கருவியால் அழுத்துங்கள். குறட்டால் நசுக்குவது போதாது. ஈயப் பற்று வைத்தால் ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து, குலுக்கத்தில் அங்கேயே முறியும். லக் நேராக இரும்பின் மேல் உட்காரவேண்டும். பல்லுள்ள வாசர் லக்கின் மேலே வரட்டும். இறுக்கியபின் வெளிப்பக்கம் முழுவதும் வஸலினோ கிறீஸோ தடவுங்கள். உப்புக் காற்றுக்கு இதைவிட மலிவான காவல் இல்லை.

இன்வேர்ட்டருக்குச் சிறப்புக் கவனம் வேண்டும். அது 1000 வாற் கொடுக்கும்போது பற்றரியில் இருந்து 90 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு போல்ட்டில் 0.01 ஓம் மட்டும் மிஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் 80 வாற் அளவு சூடு பிறக்கும். சாதாரண ஈயப்பற்றுக் கோலின் சூட்டைவிட அது கூடுதல், அதுவும் ஆசனத்துப் பஞ்சுக்கு அடியில். ஆகையால் இன்வேர்ட்டரின் நெகட்டிவை வானின் உடம்பு வழியாக அனுப்பாதீர்கள். தடித்த கேபிளால் நேராகப் பற்றரிக்குக் கொண்டுபோங்கள். மற்றச் சாதனங்களுக்கும் இதே புத்திதான்: ஒவ்வொன்றின் நெகட்டிவையும் அருகிலுள்ள தகட்டில் ஸ்குரூவால் முடிக்காமல், ஒரு செப்புப் பட்டைக்குக் கொண்டுவந்து, அந்தப் பட்டையைப் பற்றரிக்கும், ஒரே ஒரு நல்ல போல்ட்டால் சேஸிஸுக்கும் இணையுங்கள். கட்டிலின் அலுமினியச் சட்டத்தை ஏர்த்தாகப் பயன்படுத்தியிருந்தால் உடனே நீக்குங்கள். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். 230 வோல்ற்றின் பச்சை மஞ்சள் வயருக்குத் தனி போல்ட், அதற்குத் தனி அடையாளம். அதன் மேல் வேறு எந்த லக்கும் ஏறக்கூடாது.

எல்லாம் பூட்டியதும் முதலில் செய்த அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதே சுமை, அதே இரண்டு இடங்கள். வரும் எண்ணைத் திகதியோடு ஒரு காகிதத்தில் எழுதிப் பற்றரிப் பெட்டியின் மூடியில் ஒட்டுங்கள். மாரி முடிந்து தை மாதத்தில் ஒருமுறை அளந்து ஒப்பிட்டால், அடுத்த பிழை வருவதற்கு முன்னரே தெரிந்துவிடும். பிறகு, நீளமான வயர்களோடு மீற்றரை முன் ஆசனத்தில் வைத்துக்கொண்டு, அம்மா இல்லாமல், உகந்தை வரைக்கும் ஒருமுறை போய் வாருங்கள். போகும்போதும் வரும்போதும் அந்த எண் 0.1 ஐத் தாண்டாமல் நின்றால், இன்சுலினை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்து உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கலாம்.